சொந்தக் கேமராவும் கம்பெனி வேலையும்: ஓசூர்–கிருஷ்ணகிரி தொழில்வட்டாரத்தில் நியாயமான ஈடு குறித்து

வேறொரு வேலைக்கெனப் பணியில் சேர்க்கப்பட்ட ஒருவர், தம் சொந்த முயற்சியில் கற்ற ஒளிப்படக் கலையையும் சொந்தப் பணத்தில் வாங்கிய கேமராவையும் நிறுவனத்தின் தேவைக்குப் பயன்படுத்தும்போது, அதற்குத் தனியாக ஈடு பெற உரிமையுள்ளவரா, உள்ளவரெனில் அந்த ஈட்டை எந்தக் கணக்கில் அளப்பது என்ற கேள்வியை இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் நேராக எழுப்பவில்லை. ஆனால் கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜூவாடியில் தொடங்கி ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி வழியாகக் கிருஷ்ணகிரி, பர்கூர் வரை நெடுஞ்சாலையை ஒட்டி நீளும் தொழில்வட்டாரத்தில் இக்கேள்வி நடைமுறையில் இடைவிடாது எழுகிறது. பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்கப்படாமலேயே அடங்கியும் போகிறது. பயணப்படி, உணவுப்படி, இரவுப்பணிப்படி ஆகியவற்றைப் பைசா கணக்கில் பேசி முடிக்கும் ஆலைகளில், கேமராவுக்கு மட்டும் கணக்கு இல்லாமல் இருப்பது ஆராயத்தக்கது. ஊதியம் என்பது உழைப்புக்கான விலை. அது தொழிலாளியின் உடைமைக்கான வாடகையை உள்ளடக்கியதன்று என்பதே இங்கு முன்வைக்கப்படும் நிலைப்பாடு.

இவ்வட்டாரத்தின் அமைப்பே இக்கேள்விக்குத் தனி அழுத்தம் தருகிறது. தமிழ்நாடு அரசு 1971இல் சிப்காட் நிறுவனத்தை அமைத்ததையடுத்து உருவான தொடக்ககாலத் தொழில் வளாகங்களுள் ஒன்று ஓசூர். 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெருநிறுவனங்கள் இங்கு உற்பத்தியைத் தொடங்கியதும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறுபட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. அதன்பின் மின்சார இருசக்கர வாகனத் தொழிலும் மின்னணுத் தொழிலும் போச்சம்பள்ளி முதல் தேன்கனிக்கோட்டைப் பகுதிவரை பரவின. சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருப்பதால், கேமரா விற்கும் கடையும் வாடகைக்கு விடும் கடையும் தொழில்முறை ஒளிப்படக்காரரும் எளிதில் எட்டக்கூடியவர்கள். எனவே ஒரு படத்துக்குச் சந்தையில் என்ன விலை என்பது இங்குள்ள நிர்வாகிகளுக்குத் தெரியாத செய்தி அன்று. அந்த விலையைக் கொடுக்காமல் வேலையை முடிக்கும் வழி ஆலைக்குள்ளேயே கிடைக்கிறது என்பதுதான் உண்மை நிலை.

ஆலைக்குள் ஒளிப்படம் தேவைப்படும் இடங்கள் வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவதைவிட மிகப் பல. ஆயுதபூஜை, குடும்ப விழா, மார்ச் 4இல் தொடங்கும் தேசியப் பாதுகாப்பு வாரம், குடியரசு நாள் கொடியேற்றம் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. இவற்றுக்கு அப்பால், பணியிட ஒழுங்குக்கான 5எஸ் முறையில் 'முன்–பின்' படங்கள், சிறு மேம்பாடுகளை வரிசைப்படுத்தும் கைசன் பலகைக்கான படங்கள், வாடிக்கையாளர் தணிக்கைக்கு முந்தைய பதிவுகள், 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 135ஆம் பிரிவின்படி செய்யப்படும் சமூகப் பொறுப்புப் பணிகளின் படங்கள், பொருள் விளக்கப் பட்டியலுக்கான படங்கள் என்று அது விரிகிறது. இவற்றுள் பண மதிப்பு மிகுந்தது, ஆனால் யாரும் கலை என்று கருதாதது, குறைபாட்டுப் படம். கடைந்தெடுத்த ஓர் அலுமினிய உதிரிபாகத்தில் துளையின் விளிம்பில் மயிரிழையளவு பிசிறு நிற்கிறது என்று கொள்வோம். நேர் எதிரே ஒளியடித்து எடுத்தால் உலோகத்தின் பளபளப்பில் பிசிறு மறைந்துவிடும். ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, எதிர்ப்புறம் வெள்ளைச் சார்ட் தாளை நிறுத்தி, மேக்ரோ லென்ஸில் கவனக்குவிப்பைக் கையால் நகர்த்தி, அருகில் ஓர் அளவுகோலும் தொகுதி எண்ணும் தெரியும்படி எடுத்தால்தான் அது சான்றாகும். சரக்கு திரும்பி வந்த பின் அந்த நட்டம் யார் கணக்கில் டெபிட் நோட்டாக விழும் என்பதை அத்தகைய ஒரு படம் முடிவு செய்யக்கூடும். தரப் பரிசோதகராகச் சேர்ந்தவர் அப்படத்தைத் தம் சொந்த மேக்ரோ லென்ஸில் எடுத்துத் தரும்போது நிறுவனம் பெறுவது பரிசோதனை உழைப்பு மட்டுமன்று.

இப்பொறுப்பு தொழிலாளியின் தோளுக்கு நகர்வது இவ்வட்டாரத்தின் தனிப்பழக்கமும் அன்று. அமெரிக்காவில் 'சிகாகோ சன்–டைம்ஸ்' நாளிதழ் 2013 மே 30 அன்று தன் முழுநேர ஒளிப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் பணிநீக்கம் செய்து, செய்தியாளர்களே கைப்பேசியில் படமெடுக்கும் ஏற்பாட்டுக்கு மாறியது. இந்தியாவில் இதைவிடப் பெரிய அளவில் அரசே இதைச் செய்தது: நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகையைப் பதிவு செய்ய 2021இல் அறிமுகமான தேசியக் கைப்பேசிக் கண்காணிப்புச் செயலி 2023 ஜனவரி 1 முதல் அனேகமாக எல்லாப் பணியிடங்களிலும் கட்டாயமானபோது, நாளுக்கு இருமுறை நேரமும் இடமும் பதிந்த படங்களை ஏற்றும் வேலை பணித்தளப் பொறுப்பாளர்களிடம் வந்து சேர்ந்தது. பலரும் பயன்படுத்தியது சொந்தக் கைப்பேசியும் சொந்த டேட்டாவும்தான். படம் ஏறாவிட்டால் கூலியே நின்றுபோகும் நிலையில், கருவிக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்கும் வலிமை அவர்களுக்கு எங்கிருந்து வரும்? கிருஷ்ணகிரி மாவட்டத்து ஏரிக்கரையில் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கும் பெண்ணும், ஓசூர் ஆலையில் கேமராவைத் தூக்கும் பரிசோதகரும் ஒரே கேள்வியின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

சட்டம் நேராகப் பேசாவிட்டாலும், கருவி யாருடைய பொறுப்பு என்பதில் அதன் மனப்போக்கு எந்தப் பக்கம் என்பதைக் கண்டறிய முடியும். 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஊதியத்திலிருந்து எவற்றைப் பிடித்தம் செய்யலாம் என்று வரையறுத்த 7ஆம் பிரிவில், நிறுவனம் அளிக்கும் வசதிகளுக்கும் சேவைகளுக்கும் பிடித்தம் செய்ய இடமளித்தது. ஆனால் வேலைக்குத் தேவையான கருவிகளையும் மூலப்பொருள்களையும் வழங்குவது 'சேவை' என்ற சொல்லில் அடங்காது என்று அதே இடத்தில் விளக்கமும் தந்தது. அதாவது, ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு அதற்கான பணத்தைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இக்கொள்கை தொடர்கிறது. கருவி நிறுவனத்தின் செலவு என்பதே இதன் உட்பொருள். எனினும் சட்டம் தடுப்பது நிறுவனம் செய்யும் பிடித்தத்தை மட்டுமே. தொழிலாளி தாமாகவே கடையில் வாங்கி வந்த கருவியை வேலைக்குப் பயன்படுத்தினால் அங்கே பிடித்தம் எதுவும் நிகழ்வதில்லை, ஆகவே சட்டமும் தலையிடுவதில்லை. கழித்தால் குற்றமாகும் செலவு, தொழிலாளி முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டியது.

அமெரிக்க மத்திய ஊதிய விதிகள் இவ்விடத்தில் ஓரடி முன்னே செல்கின்றன: வேலைக்கென்றே தேவைப்படும் கருவியைத் தொழிலாளி தம் செலவில் வாங்க நேர்ந்து, அதனால் அவர் கையில் மிஞ்சும் தொகை குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கினால், அது ஊதியத்தை மறைமுகமாகத் திருப்பி வாங்கியதாகவே கொள்ளப்படும். கலிபோர்னியா மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 2802ஆம் பிரிவோ குறைந்தபட்ச ஊதியத்தோடு முடிச்சுப் போடாமல், பணியின் நிமித்தம் தொழிலாளி செய்யும் தேவையான செலவு அனைத்தையும் நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது.

கருவி யாருடையது என்பதைப் பொறுத்து, வேலை செய்பவர் தொழிலாளியா தனித்தொழில் நடத்துபவரா என்பதே மாறக்கூடும். சில்வர் ஜூபிலி தையலகம் தொடர்பான வழக்கில் 1973இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், துண்டுக்கூலிக்குத் தைப்பவர்களும் பணியாளர்களே என்று முடிவு செய்கையில், தையல் இயந்திரங்கள் கடைக்காரருடையவை என்பதை முக்கியமான அடையாளமாகக் கொண்டது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரீட் என்னும் சிற்பி செய்த சிலையின் பதிப்புரிமை யாருக்கு என்று ஆராய்ந்த வழக்கில், அவர் சொந்தக் கருவிகளோடு சொந்தக் கூடத்தில் வேலை செய்ததைக் கணக்கில் எடுத்து அவர் ஊழியர் அல்லர் என்றது. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், சொந்தக் கேமராவோடு படமெடுக்கும் ஆலைத் தொழிலாளி அந்த ஒரு மணி நேரத்துக்குத் தொழிலாளியாகவும் கருவி உடைமையாளராகவும் ஒருங்கே நிற்கிறார் என்பது விளங்கும். இரண்டாவது நிலைக்கு ஊதியச் சீட்டில் இடமில்லை என்பதே சிக்கலின் வேர்.

அந்த இடத்தை எப்படி நிரப்புவது என்பதற்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. ஓசூரின் சிறுபட்டறைகளில் ஜாப் ஒர்க் விலை சொல்பவர் ஒவ்வொருவரும் அறிந்த 'மெஷின் ஹவர் ரேட்' என்னும் முறையே போதும். ஓர் இயந்திரத்தை ஒரு மணி நேரம் ஓட்ட என்ன செலவாகிறது என்பதை, அதன் தேய்மானம், முடக்கிய பணத்துக்கான வட்டி, பராமரிப்பு, மின்சாரம், ஆள்கூலி ஆகியவற்றைக் கூட்டி, ஆண்டில் ஓடும் மணி நேரத்தால் வகுத்துக் காண்பது இம்முறை. சி.என்.சி. இயந்திரத்துக்கு இக்கணக்கைப் போடும் அதே விரல்கள் கேமராவுக்கும் போடலாம். எடுத்துக்காட்டாக, கேமராவும் இரு லென்ஸும் சேர்ந்து ரூ.80,000 என்றும், ஐந்தாண்டு கழித்து ரூ.20,000க்கு விற்கலாம் என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுத் தேய்மானம் ரூ.12,000, சராசரியாக முடங்கியிருக்கும் ரூ.50,000க்குப் பத்து விழுக்காடு வட்டி ரூ.5,000, சென்சார் துடைத்தல், பேட்டரி, மெமரி கார்டு முதலியவற்றுக்கு ரூ.4,000. ஆக ஆண்டுச் செலவு ரூ.21,000. சொந்தப் பயன்பாடும் ஆலைப் பயன்பாடும் சேர்த்து ஆண்டில் 60 நாள் கேமரா வெளியே எடுக்கப்படுகிறது என்றால் ஒரு நாளைக்கு ரூ.350 விழுகிறது. இது கருவிக்கு மட்டுமான தொகை. ஆள்கூலி இதில் சேரவில்லை. பெங்களூரு வாடகைக் கடை கேட்கும் தொகை இதைவிட உயர்ந்திருந்தால் அதில் கடைக்காரரின் இலாபமும் கேமரா சும்மா கிடக்கும் நாள்களின் சுமையும் அடங்கியிருக்கும். எனவே அடக்கச் செலவைக் கீழெல்லையாகவும் சந்தை வாடகையை மேலெல்லையாகவும் கொண்டு இடையில் ஒரு தொகையைப் பேசி முடிப்பது இரு தரப்புக்கும் நியாயமாகும்.

ஆலைப் படப்பிடிப்பில் கேமராவின் தேய்மானம் வீட்டு விழாவில் ஆவதைவிட விரைவானது என்பதையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். கூலன்ட் ஆவி லென்ஸின் முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. அரவைத் தூள் லென்ஸ் மாற்றும் நொடியில் உள்ளே புகுந்து சென்சாரில் ஒட்டிக்கொள்கிறது. வெல்டிங் பொறி வடிகட்டிக் கண்ணாடியைப் பொத்தலிடுகிறது. லேசர் வெட்டு இயந்திரத்தின் கதிர் சிதறி நேராக விழுந்தால் சென்சாரே கருகிவிடக்கூடும். ஷட்டருக்கும் ஆயுள் உண்டு; தொடக்கநிலைக் கேமராக்களில் அது ஏறத்தாழ ஒரு லட்சம் சொடுக்குகள் என்றும், உயர்நிலைக் கேமராக்களில் இரண்டு முதல் நான்கு லட்சம் என்றும் தயாரிப்பாளர்கள் மதிப்பிடுகிறார்கள். நாள் முழுதும் நடக்கும் விளையாட்டு விழாவில் ஆயிரம் இரண்டாயிரம் சொடுக்குகள் வெகு எளிதாகச் செலவாகிவிடும்.

திறனுக்கான ஈடு இதைவிடச் சிக்கலானது. பெரும்பாலான ஆலைகளில் 'ஸ்கில் மேட்ரிக்ஸ்' என்னும் அட்டவணை தொங்குகிறது. எந்தத் தொழிலாளி எந்த வேலையை எந்தத் தேர்ச்சியில் செய்வார் என்பதைக் கால், அரை, முக்கால், முழுவட்டங்களால் காட்டும் அட்டவணை அது. பல ஆலைகளில் பதவி உயர்வும் திறன்படியும் அதனோடு தொடர்புடையவை. ஒளிப்படத் திறன் அந்த அட்டவணையில் ஒரு வரிசையாக இடம்பெறாதவரை அது 'ஆர்வம்' என்ற பெயரிலேயே நிற்கும். ஆர்வத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைக்கும், படி கிடைக்காது. நிறுவனம் அத்திறனை நம்பித் தன் வேலையைத் திட்டமிடத் தொடங்கிய நாளிலேயே அது ஆர்வம் என்ற நிலையைக் கடந்துவிடுகிறது. பணிநேரத்துக்குள் எடுத்தால் ஊதியம் ஏற்கெனவே கொடுக்கப்படுகிறது என்ற வாதம் நேரத்தளவில் சரியே. ஆனால் படமெடுக்கும் நேரம் வேலையின் ஒரு பாதி; தேர்ந்தெடுப்பது, நிறம் திருத்துவது, அளவு மாற்றி அனுப்புவது என்ற மறுபாதி பெரும்பாலும் இரவில் வீட்டுக் கணினியில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்ப விழாவுக்குப் படமெடுக்க வரச் சொல்வது விருந்துக்கு அழைப்பதாகாது. மிகைநேர உழைப்புக்கு இருமடங்கு ஊதியம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த நெறி இன்றைய தொகுப்புச் சட்டத்திலும் நிற்கிறது. கட்டளையின்பேரில் வந்து செய்யும் வேலை எதுவாயினும் அந்நெறியின் உணர்வுக்குள் அடங்க வேண்டியதே.

எதிர்வாதங்களுள் வலுவானது ஒன்றுண்டு. கேமரா எப்படியும் அவரிடம் இருக்கிறது, நிறுவனத்துக்காக அவர் புதிதாக ஒரு ரூபாயும் செலவிடவில்லை, பிறகு ஈடு எதற்கு என்பது அது. இதே வாதம் 2014இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், உணவுப்பொருள் விநியோக நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் சொந்தக் கைப்பேசியைப் பணி அழைப்புகளுக்குப் பயன்படுத்திய காக்ரன் வழக்கில் எழுந்தது. ஊழியரின் கட்டணத் திட்டம் வரம்பற்றதாயினும், கட்டணத்தை வேறொருவரே செலுத்தினாலும், பணிக்குக் கட்டாயமாகப் பயன்படுத்திய அளவுக்கு நியாயமான ஒரு பங்கை நிறுவனம் கொடுத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இல்லையேல் நிறுவனம் தன் இயக்கச் செலவை ஊழியரின் மேல் சுமத்தி ஆதாயம் பெற்றதாகும் என்பது அதன் காரணம். ஓசூர் ஆலைகளில் இக்கொள்கை வேறு வடிவில் ஏற்கெனவே வாழ்கிறது: விற்பனைப் பிரிவிலும் சர்வீஸ் பிரிவிலும் இருப்பவர் சொந்த பைக்கில் வாடிக்கையாளரிடம் போய் வந்தால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெட்ரோல் அலவன்ஸ் தரப்படுகிறது. பைக்கும் எப்படியும் அவரிடம் இருந்ததுதான். பைக்குக்குக் கொடுத்ததைக் கேமராவுக்கு மறுக்கத் தருக்கம் எதுவும் இல்லை. பழக்கம் மட்டுமே இருக்கிறது. படமெடுப்பதால் மேலதிகாரிகளின் கண்ணில் படும் வாய்ப்பு கிடைக்கிறதே என்ற இன்னொரு வாதம் ஆராயத் தகுந்த அளவு கனமுடையதன்று. அந்த வாய்ப்பு கைகூடலாம், கைகூடாமலும் போகலாம். தேய்மானம் உறுதியாக நடக்கிறது.

பதிப்புரிமையில்தான் இச்சிக்கலின் எதிர்பாராத பக்கம் தெரிகிறது. நிறுவனங்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பக்கமும் அதுவே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்தின் ஆக்கியோர் அதை எடுத்தவர். அவரே முதல் உரிமையாளர் என்ற பொதுவிதிக்கு 17ஆம் பிரிவு சில விலக்குகளை வைக்கிறது. ஒருவரின் வேண்டுகோளின்பேரில், மதிப்புள்ள கைம்மாறு பெற்றுக்கொண்டு எடுத்த படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, வேண்டியவரே உரிமையாளர். பணி ஒப்பந்தத்தின் கீழோ தொழிற்பயிற்சியின் கீழோ ஒருவர் தம் பணியின் போக்கில் ஆக்கிய படைப்புக்கு வேலை கொடுத்தவர் உரிமையாளர். இங்கே 'பணியின் போக்கில்' என்பதன் எல்லையே வழக்கின் உயிர். இங்கிலாந்தில் 1952இல் முடிவான ஸ்டீபன்சன் ஜோர்டன் வழக்கில், ஆலோசனை நிறுவன ஊழியர் ஒருவர் எழுதிய நூலைப் பிரித்துப் பார்த்த நீதிமன்றம், வாடிக்கையாளருக்கான பணியாக அவர் எழுதிய பகுதி நிறுவனத்துக்குரியது என்றும், அவர் ஆற்றிய பொது உரைகளாக அமைந்த பகுதி அவருக்கே உரியது என்றும் தீர்ப்பளித்தது. கேரளத்தில் 'போபனும் மோளியும்' சித்திரத் தொடரை வரைந்த டாம்ஸுக்கும் அவர் பணியாற்றிய மலையாள மனோரமா நிறுவனத்துக்கும் இடையே 1980களின் இறுதியில் நடந்த வழக்கில், பணியில் சேருமுன்பே அவர் படைத்த பாத்திரங்களை, பணியிலிருந்து விலகியபின் அவர் தொடர்ந்து வரைவதை நிறுவனம் தடுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஒருவர் தம்மோடு கொண்டுவந்த திறன் வேலையில் சேர்ந்ததனாலேயே கைமாறிவிடுவதில்லை என்பது இதிலிருந்து பெறத்தக்கது.

இவற்றை ஆலைக்குப் பொருத்தினால் வரும் முடிவு தெளிவானது. தரப் பரிசோதகர் எடுத்த குறைபாட்டுப் படம் அவர் பணியின் போக்கில் வருவது. அதன் உரிமை நிறுவனத்துக்கு. ஆனால் லேத் இயக்குபவர் ஆண்டு விழாவில் சொந்தக் கேமராவால் எடுத்த படமோ, விளக்கப் பட்டியலுக்காக எடுத்துக் கொடுத்த பொருட்படமோ, அவர் பணியின் போக்கில் வந்தது என்று நிறுவுவது கடினம். அதற்குத் தனியே பணம் கொடுத்திருந்தால் கைம்மாறு விதியின்படி உரிமை நிறுவனத்துக்குச் சேர்ந்திருக்கும். எதுவும் கொடுக்காத நிலையில், மாதச் சம்பளமே கைம்மாறு என்று வாதிட இடமிருந்தாலும், சட்டம் படமெடுத்தவர் பக்கம் சாய்வதற்கே வாய்ப்பு மிகுதி. உரிமையை எழுதி வாங்கினாலும் 19ஆம் பிரிவின்படி அது கையொப்பமிட்ட எழுத்து வடிவில் இருக்க வேண்டும். காலவரை குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று சட்டம் தானே எல்லை வகுத்துவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான விளக்கப் பட்டியலில் பத்தாண்டாக ஓடும் படத்துக்கு ஒரு வரி எழுத்தும் இல்லையென்றால் நிறுவனத்தின் காலடி நிலம் உறுதியானதன்று. ஈடு கொடுப்பது தொழிலாளிக்குச் செய்யும் தயவு என்ற எண்ணம் இங்கே முற்றிலும் பொருந்தாமல் போகிறது. நிறுவனம் தனக்கு வேண்டிய உரிமையைப் பெறும் வழியும் அதுவே. உரிமை கைமாறிய பின்னும், தாமே எடுத்தவர் என்று உரைக்கவும் தம் மதிப்பைக் குலைக்கும் சிதைவைத் தடுக்கவும் 57ஆம் பிரிவு படமெடுத்தவருக்குத் தரும் சிறப்புரிமை எஞ்சி நிற்கிறது. படத்தின் கீழே பெயர் போடுவது செலவில்லாத ஈடு, அதையும் மறப்பவர்களே அதிகம்.

இடர்ப்பாட்டின் பங்கீடும் எழுதப்படாமலேயே கிடக்கிறது. பல ஆலைகளில் வாயிற்காவலர் உள்ளே வருபவரின் கைப்பேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். அதே ஆலையில் ஒரு தொழிலாளி கேமராப் பையோடு உற்பத்திக்கூடத்தில் நடக்கிறார். நாளை ஏதேனும் ஒரு வடிவமைப்பு வெளியே கசிந்தால் முதல் ஐயம் யார்மேல் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சக பெண் தொழிலாளர்களின் நூற்றுக்கணக்கான படங்கள் அவருடைய சொந்த மெமரி கார்டில் தங்குவதும், 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட காலத்தில், சிறு செய்தியன்று. ஆகவே எடுக்கச் சொன்ன அதிகாரியின் பெயரோடு எழுத்து அனுமதி, நிறுவனமே தரும் மெமரி கார்டு, ஒப்படைத்தபின் நகல் அழித்ததற்கான குறிப்பு, பணியிடத்தில் கேமரா சேதமடைந்தால் பழுதுச் செலவு நிறுவனத்துடையது என்ற உறுதி ஆகியவை தொகையைப் போலவே ஈட்டின் பகுதிகள். கேமராவை வேறொரு ஊழியர் இரவல் வாங்கிப் போனால் நிலை இன்னும் தெளிவு: 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளைப் பொறுப்பில் ஏற்றவர் இயல்பான விவேகமுள்ள ஒருவர் தம் பொருளைப் பேணும் அளவுக்கு அதைப் பேண வேண்டும் என்று 151ஆம் பிரிவில் கூறுகிறது.

அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, ஏற்கெனவே ஈடின்றி உழைத்தவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒருவர் மற்றொருவருக்காகச் சட்டப்படியான ஒன்றை, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்து, அதன் பயனை மற்றவர் அனுபவித்தால், அவர் ஈடு தரக் கடமைப்பட்டவர் என்பது அப்பிரிவு. எழுத்து ஒப்பந்தம் தேவையில்லை. ஆனால் 'இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி' என்னும் நிபந்தனையில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். முதல் மூன்று விழாக்களுக்கு மகிழ்ச்சியோடு படமெடுத்துக் கொடுத்து, மேடையில் சால்வையும் வாங்கிக்கொண்டவர், நான்காவதற்குப் பணம் கேட்கும்போது முந்தைய மூன்றும் அவருக்கு எதிரான சான்றாகின்றன. நட்புக்கு எடுப்பது எது, வேலைக்கு எடுப்பது எது என்பதை முதல் முறையே சொல்லிவிடுவதற்கான காரணம் இதுவே. பண ஆசை என்று அதைக் கருதுவது தவறு.

தொகை எந்தப் பெயரில் தரப்படுகிறது என்பதும் விளைவுடையது. வேலையின் தன்மையால் நேரும் தனிச்செலவை ஈடுசெய்யத் தரும் தொகை, ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் வரையறையில் 'ஊதியம்' ஆகாது. எனவே பயன்படுத்திய நாளைக் குறித்துவைத்து அந்நாளுக்கு மட்டும் தரும் கருவிப்படி, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் சிக்கல் உண்டாக்காது. அதையே எல்லாருக்கும் மாதந்தோறும் ஒரே அளவாகக் கொடுத்தால், 2019இல் உச்ச நீதிமன்றம் விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் கூறியபடி, அது அடிப்படை ஊதியத்தின் பகுதியாகக் கருதப்படக்கூடும். படமெடுத்த நாள்களின் பதிவேடு ஒன்று இருந்தால் போதும்; இயந்திர லாக் புத்தகம் எழுதிப் பழகிய ஆலைகளுக்கு இது பெரிய சுமையன்று. பயன்பாடு ஆண்டில் முப்பது நாற்பது நாளைத் தாண்டினால் நிறுவனமே கேமரா வாங்கிவிடுவது மேல். அதன் விலையோடு செலுத்தும் 18 விழுக்காடு சரக்கு–சேவை வரியை நிறுவனம் பொதுவாக உள்ளீட்டு வரவாகப் பெற முடியும், தேய்மானத்தையும் இலாபத்தில் கழிக்க முடியும். மாதச் சம்பளக்காரருக்கு இவ்விரண்டும் இல்லை. ஒரே கேமரா நிறுவனத்தின் கையில் மலிவாகவும் தொழிலாளியின் கையில் விலை கூடியதாகவும் இருக்கையில், விலை கூடிய கையிலிருந்து அதை இலவசமாக எடுத்துக்கொள்வதைப் பொருளியல் எதுவும் நியாயப்படுத்தாது.

இதுவரை கூறியவை நிரந்தரத் தொழிலாளிக்கு ஓரளவு பொருந்தும்; அவருக்குச் சங்கம் உண்டு, ஊதிய ஒப்பந்தம் உண்டு. இவ்வட்டாரத்தில் பெருந்தொகையினராக இருப்பவர்களோ ஒப்பந்தத் தொழிலாளர்களும், பயிற்சித் தொழிலாளர்களும், வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களும். வேலை உறுதியாகுமா என்று காத்திருக்கும் பயிற்சித் தொழிலாளியிடம் 'உன்கிட்ட நல்ல கேமரா இருக்காமே' என்று மேலாளர் சொல்வது கேள்வியாகக் காதில் விழாது. ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் இடுக்கானது; அவருக்குச் சம்பளம் தருபவர் ஒப்பந்தக்காரர், படத்தைப் பயன்படுத்துபவர் ஆலைக்காரர், இருவரிடையே கருவிப்படியை யார் தருவது என்பதை ஒப்பந்தக்காரரின் மாதப் பட்டியலில் சேர்த்தால் ஒழிய இருவரும் கைவிரிப்பார்கள். தொழிற்பயிற்சியில் இருப்பவர் பணியின் போக்கில் எடுத்த படங்களின் உரிமையைச் சட்டமே வேலை கொடுத்தவருக்கு வழங்கிவிடுவதால், உரிமையைக் காட்டிப் பேரம் பேசும் வழியும் அவருக்குக் குறுகியது. ஆகவே பேரத்துக்கு விடாமல், சொந்தக் கருவியைக் கொண்டுவரும்படி பயிற்சித் தொழிலாளியிடமோ ஒப்பந்தத் தொழிலாளியிடமோ கேட்கவே கூடாது என்ற தடையை ஆலையின் நிலையாணைகளில் எழுதுவதே இவர்களுக்குப் பொருத்தமான காப்பு. நிரந்தரத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை, அடுத்த ஊதிய ஒப்பந்தம் பேசும்போது பெட்ரோல் அலவன்ஸ் இடம்பெறும் அதே பத்தியில் நாளொன்றுக்கான கருவிப்படியையும், பழுதுப் பொறுப்பையும், படங்களின் பயன்பாட்டுக் காலவரையையும், பணியிலிருந்து விலகியவரின் படங்களை அதற்குப் பிறகும் பயன்படுத்துவதற்கான கட்டணத்தையும் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.